சுவிட்சைத் தொடும் முன்: பழைய கணினியின் கோளாறை அறிகுறி வைத்துக் கண்டுபிடிப்பது

முப்பது நாற்பது வருடம் பரணில் கிடந்த கணினி ஒன்று கைக்கு வந்தால், பிளக்கைச் சொருகிப் பார்க்கலாமே என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். பரணில் இருந்த அத்தனை வருடமும் தாக்குப்பிடித்த இயந்திரம், வீட்டுக்கு வந்த முதல் ஐந்து நிமிடத்தில் செத்துப்போவதுண்டு. நான் அப்படி ஒன்றை இழந்திருக்கிறேன். அடாப்டர் கொடுத்த வோல்ட்டேஜை அளந்து பார்க்காமல் சொருகினேன். எட்டு ரேம் சிப்பும் ஒரே நேரத்தில் போயின. அந்தக் கணினி இன்றும் என் மேசையில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கும்.

கீழே எழுதியிருப்பது அறிகுறி வாரியாக. உங்கள் இயந்திரம் என்ன செய்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் எல்லாப் பகுதிக்கும் பொதுவான வரிசை ஒன்று உண்டு: முதலில் மின்சாரத்தைச் சந்தேகப்படுங்கள், அடுத்து தொடர்பு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், சிப்பைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நல்ல சிப்பைச் சூடு வைத்துக் கழற்றும்போது போர்டின் தடம் (சிப்புகளை இணைக்கும் மெல்லிய செப்புக் கோடு) உரிந்துவிடுகிறது. அதன் பிறகு ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். நல்ல மல்டிமீட்டர், சூட்டைக் கட்டுப்படுத்தும் சால்டரிங் அயர்ன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மென்மையான பிரஷ், கையில் மாட்டும் எர்த் பட்டை. லாஜிக் புரோப் (சிப்பின் காலில் சிக்னல் துடிக்கிறதா என்று காட்டும் கருவி) ஒன்று இருந்தால் பாதி வேலை சுலபம்.

இது என்ன, எந்த வருடத்தது

மூடியைத் திறந்ததும் எதையும் கழற்றாமல் போட்டோ எடுங்கள். எந்த வயர் எங்கே போகிறது, சிப்பின் வெட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது, ஜம்பர் (இரண்டு முட்களை இணைக்கும் சின்ன மூடி) எப்படிப் போட்டிருக்கிறது என்பதெல்லாம் தெரிய வேண்டும்.

ஒரே பெயரில் விற்ற கணினிக்குள் பல தலைமுறைப் போர்டுகள் இருக்கும். 1982இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமில் போர்டின் பதிப்பு எண் அச்சிடப்பட்டிருக்கும். அதே வருடம் வந்த கொமடோர் 64இல் பழைய போர்டின் வீடியோ சிப் 12 வோல்ட்டும் கேட்கும், கடைசி வருடங்களின் சின்ன போர்டில் இருப்பது கேட்காது. உங்கள் போர்டுக்கு உரிய சர்க்யூட் படத்தைத்தான் பார்க்க வேண்டும். வேறு பதிப்பின் படத்தை வைத்து அளந்தால் நல்ல இடமும் பழுதாகத் தெரியும்.

சிப்பின் முதுகில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 8432 என்றால் 1984ஆம் வருடத்தின் 32ஆவது வாரம். இதில் ஒரு குழப்பம் வரும். 7432 என்பது தேதியாகவும் இருக்கலாம், சிப்பின் பெயராகவும் இருக்கலாம், 8250ம் அப்படித்தான். பக்கத்துச் சிப்புகளோடு ஒப்பிட்டால் தெளிவாகிவிடும். எல்லாவற்றிலும் 83 என்று இருந்து ஒன்றில் மட்டும் 91 என்று இருந்தால், யாரோ ஏற்கெனவே உள்ளே கை வைத்திருக்கிறார்கள். நான் முதலில் அந்த இடத்தின் சால்டரைத்தான் பூதக்கண்ணாடியில் பார்ப்பேன்.

சுவிட்ச் போட்டதும் புகை, கருகல் நாற்றம்

உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். அப்புறம் பதற வேண்டாம். 1977இன் ஆப்பிள் 2, 1981இன் பிபிசி மைக்ரோ போன்றவற்றின் பவர் சப்ளையில் ரிஃபா என்ற பெயர் போட்ட கெப்பாசிட்டர் இருக்கும். பழுப்பு மஞ்சளாக, கண்ணாடி போல, உள்ளே சுருட்டிய உலோகத்தாள் தெரியும். அது உண்மையில் உலோகம் பூசிய காகிதம். மேல்பூச்சு வயதாகி மயிர்க்கோடாக விரிசல் விடும், காற்றின் ஈரம் உள்ளே போகும், மெயின்ஸ் வோல்ட்டேஜ் ஏறியதும் வெடிக்கும். அதன் வேலை மின்வழியில் வரும் இரைச்சலை அடக்குவது மட்டும்தான். அதனால் அது வெடித்த பிறகும் கணினி நன்றாகவே ஓடும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அதே அளவுள்ள, எக்ஸ்2 வகைச் சான்று பெற்ற பாலிபுரோப்பலீன் கெப்பாசிட்டரைப் போடுங்கள். சாதாரணக் கெப்பாசிட்டர் அந்த இடத்தில் கூடவே கூடாது. விரிசல் தெரிந்தால் வெடிக்கும்வரை காத்திருக்காமல் முன்பே மாற்றிவிடுங்கள்.

நாற்றம் கருகலாக இல்லாமல் மீன் வாடையாக இருந்தால் அது வேறு கதை. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் கசிந்து அதன் திரவம் போர்டில் படிந்திருக்கிறது. மாற்றினால் மட்டும் போதாது. அடியில் படிந்ததை ஆல்கஹாலில் கழுவ வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். பிக்சர் டியூப் ஆயிரக்கணக்கான வோல்ட். இரண்டையும் பாதுகாப்பாக இறக்கத் தெரியாதவர்கள் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தொடுங்கள்.

ஒன்றுமே நடக்கவில்லை, அல்லது விசிறி ஒரு துடிப்போடு நிற்கிறது

ஃபியூஸ், சுவிட்ச், வயர் என்ற மூன்றையும் முதலில் பாருங்கள். அவை சரியாக இருந்தும் விசிறி ஒரு முறை அசைந்து நின்றால், அல்லது பவர் சப்ளையிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால், எங்கோ ஷார்ட். பவர் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று அர்த்தம்.

1981இல் வந்த ஐபிஎம் பிசி 5150, அதன் பின் வந்த எக்ஸ்டி இரண்டிலும் இது ரொம்பச் சகஜம். மழைத்துளி போலச் சின்னதாக இருக்கும் டான்டலம் கெப்பாசிட்டர்கள்தான் காரணம். 12 வோல்ட் வழியில் 16 வோல்ட் மட்டும் தாங்கக்கூடியவற்றைப் போட்டிருப்பார்கள். இவ்வளவு குறைந்த இடைவெளி டான்டலத்துக்கு ஆகாது, நாளடைவில் அது ஷார்ட் ஆகிவிடும். மின்சாரம் இல்லாத நேரத்தில் கனெக்டரில் 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். ஓரிரண்டு ஓம் காட்டினால் பிடிபட்டுவிட்டது. விரிவாக்க அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி அளங்கள். பல நேரம் ஷார்ட் போர்டில் இருக்காது, ஏதோ ஒரு அட்டையில் இருக்கும். மாற்றும்போது 25 வோல்ட்டோ அதற்கு மேலோ தாங்கும் கெப்பாசிட்டரைப் போடுங்கள். டான்டலத்தைத் தலைகீழாகப் போட்டால் தீப்பிடிக்கும். கூட்டல் குறி எந்தப் பக்கம் என்பதை இரண்டு முறை பாருங்கள்.

பவர் சப்ளையைத் தனியாக எடுத்துச் சோதிப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அந்தக் காலத்து வகைகள் சுமை எதுவும் இல்லாவிட்டால் கிளம்பாது. வேலை செய்யாத பழைய டிரைவ் ஒன்றைச் சுமையாக மாட்டி அளக்கலாம். திரும்ப மாட்டும்போது, போர்டில் சொருகும் இரண்டு கனெக்டரின் கருப்பு வயர்களும் நடுவில் அருகருகே வர வேண்டும். மாற்றிச் சொருகினால் போர்டு போய்விடும்.

விளக்கு எரிகிறது, திரை கருப்பு

அதிகம் பேர் வந்து நிற்கும் இடம் இது. சிப்பைக் குற்றம் சொல்லும் அவசரமும் இங்கேதான் அதிகம்.

வெளி அடாப்டர் உள்ள கணினிகளில் தொடங்குகிறேன். கொமடோர் 64இன் பழைய அடாப்டர் ஒரு கனமான கட்டி. உள்ளே பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். அது 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் கொடுக்கும். உள்ளே வோல்ட்டேஜைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் வயதாகிப் பழுதானால் 5 வோல்ட் இறங்குவதில்லை, ஏறுகிறது. விளக்கு எப்போதும் போல எரியும், ஆனால் ரேம் சிப்புகள் செத்துக்கொண்டிருக்கும். அதனால் சொருகும் முன் அடாப்டரைத் தனியாக அளங்கள். 4.75க்கும் 5.25க்கும் இடையே இருக்க வேண்டும். மேலே போனால் அதைத் தூக்கி வைத்துவிடுங்கள். இன்று சரியாக அளந்தாலும் நாளை அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. நான் பழைய கட்டியைப் பயன்படுத்துவதே இல்லை, அலமாரியில் காட்சிக்கு மட்டும்.

ஸ்பெக்ட்ரமில் வேறு சிக்கல். அதன் 9 வோல்ட் அடாப்டரில் நடு முனை நெகட்டிவ். இன்று கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்களில் நடு முனை பாசிட்டிவ். கைக்குக் கிடைத்ததைச் சொருகினால் இயந்திரத்துக்குக் கேடு.

அடாப்டர் சரி என்றால் போர்டுக்குள் வாருங்கள். கொமடோர் 64இன் விளக்கு 5 வோல்ட்டில் எரிகிறது. பழைய போர்டுகளில் வீடியோ சிப்பும், சிப்புகளுக்குத் தாளத் துடிப்பு தரும் கிளாக்கும் 9 வோல்ட் ஏசியிலிருந்து தயாராகும் மின்சாரத்தில் ஓடுகின்றன. அந்த வழியில் உள்ளே ஒரு ஃபியூஸ் இருக்கிறது. அது போனால் விளக்கு எரியும், திரை கருப்பாகவே இருக்கும். வெறும் ஒரு ஃபியூஸுக்காக வீடியோ சிப்பைக் கழற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்பெக்ட்ரமின் கீழ் 16 கே நினைவகத்தில் 4116 வகை ரேம் சிப்புகள் உண்டு. அவற்றுக்கு 12, 5, மைனஸ் 5 என்று மூன்று வோல்ட்டேஜ் வேண்டும். மைனஸ் 5 இல்லாமல் 12 மட்டும் வந்தால் சிப் செத்துவிடும். அதனால் அங்கே ரேமை மாற்றும் முன் மூன்றும் வருகிறதா என்று அளப்பது கட்டாயம். இல்லையென்றால் புதிதாகப் போட்டதும் அதே வழியில் போகும். அந்த வோல்ட்டேஜ்களைத் தயாரிக்கும் சின்ன சர்க்யூட்டில் டிஆர்4 என்ற டிரான்சிஸ்டர் அடிக்கடி போகிறது. அதை முதலில் பாருங்கள்.

மின்சாரம் எல்லா இடத்திலும் சரி. அடுத்தது தொடர்பு. சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் சிப்புகள் சூடாகிக் குளிர்ந்து வருடக்கணக்கில் மெல்ல மேலே எழும்பிவிடும். மின்சாரத்தை நிறுத்தி ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். போர்டு வளையாமல் அடியில் தாங்கிப் பிடிக்க வேண்டும். மாறாவிட்டால் சிப்பை இரண்டு பக்கமும் சமமாக நெம்பி எடுத்து, கால்களைத் துடைத்துத் திரும்பச் சொருகுங்கள். சிப்பின் காலை ஒரு பக்கம் மட்டும் தொடும் மலிவான சாக்கெட் என்றால் மாற்றிவிடுவதே நல்லது.

இதற்குப் பிறகுதான் சிப். புரோசசருக்குக் கிளாக் வருகிறதா, ரீசெட் கால் தன் நிலையை மாற்றுகிறதா, முகவரிக் கால்கள் துடிக்கின்றனவா என்று லாஜிக் புரோபில் பாருங்கள். ரீசெட் மாறாமல் ஒரே நிலையில் நின்றால் கோளாறு புரோசசரில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. ஓரிரண்டு நிமிடம் ஓடவிட்டு விரலை அருகே கொண்டுபோய் சூட்டைப் பாருங்கள். எட்டு ரேமில் ஒன்று மட்டும் கொதித்தால் அதுதான். ஆனால் கொமடோர் 64இன் பிஎல்ஏ சிப் (எந்த நேரத்தில் எந்தச் சிப் பேச வேண்டும் என்று தீர்மானிப்பது) இயல்பிலேயே சூடாக இருக்கும். சூட்டை மட்டும் வைத்து அதைக் குற்றவாளி ஆக்காதீர்கள். அது அடிக்கடி போகிற சிப்தான் என்பதும் உண்மை. சாக்கெட்டில் இருந்தால் நல்லதை மாற்றிப் போட்டுப் பார்த்துவிடலாம். அந்தக் கணினிக்கென்றே டெட் டெஸ்ட் என்ற சோதனை கார்ட்ரிட்ஜ் ஒன்று இருக்கிறது. திரை எத்தனை முறை மின்னுகிறது என்பதை எண்ணினால் எந்த ரேம் பழுது என்று தெரியும்.

திரையில் குப்பை: கட்டங்கள், கோடுகள், ஒரே நிறம்

கருப்புத் திரையைவிட இது நல்ல செய்தி, ஏனென்றால் வீடியோ பகுதி உயிரோடு இருக்கிறது. ஸ்பெக்ட்ரமில் படத்தை வரைவது யுஎல்ஏ என்ற தனிச் சிப். புரோசசர் வேலை செய்யாவிட்டாலும் நினைவகத்தில் என்ன இருக்கிறதோ அதை அது காட்டிக்கொண்டே இருக்கும். அசையாத கட்டங்கள் தெரிந்தால், புரோசசர் நினைவகத்தைத் துடைக்கும் கட்டத்துக்கே வரவில்லை. கீழ் ரேம், ரோம் (ROM, அழியாமல் நிரலைப் பதித்து வைத்த சிப்), புரோசசர் என்ற வரிசையில் தேடுங்கள்.

1989இன் மேக்கின்டாஷ் எஸ்இ/30இல் கிடைமட்டக் கோடுகளாக ஒரு கோலம் வரும். அதைச் சிமாசிமாக் என்று சேகரிப்பாளர்கள் அழைக்கிறார்கள். பெரும்பாலும் போர்டின் சின்னக் கெப்பாசிட்டர்கள் கசிந்து பக்கத்துத் தடங்களைத் தின்றிருக்கும். முதலில் கழுவுங்கள், பிறகு கெப்பாசிட்டர்களை மாற்றுங்கள், பிறகு அரிக்கப்பட்ட தடங்களை மீட்டரில் ஒவ்வொன்றாகத் தொடர்ச்சி பாருங்கள். கழுவியதுமே உயிர் வந்தாலும் கெப்பாசிட்டரை மாற்றாமல் விட வேண்டாம்.

கொமடோரின் இன்னொரு கணினியான அமிகாவோ தன் கோளாறை நிறத்திலேயே சொல்லிவிடும். சிவப்பு என்றால் ரோம், பச்சை என்றால் சிப் ரேம் (கஸ்டம் சிப்புகளும் பயன்படுத்தும் நினைவகம்), நீலம் என்றால் கஸ்டம் சிப்புகள் (படம், ஒலியைக் கவனிக்கும் தனிச் சிப்புகள்). மஞ்சள் என்றால், பிழையைப் பிடிக்கும் மென்பொருள் தயாராவதற்கு முன்பே புரோசசர் ஒரு பிழையைச் சந்தித்திருக்கிறது. கேப்ஸ் லாக் விளக்கு மின்னினால் கீபோர்டில் பிரச்சினை: ஒரு முறை என்றால் அதன் ரோம், இரண்டு என்றால் ரேம், மூன்று என்றால் அதன் கண்காணிப்பு டைமர். எல்லாக் கணினியும் இப்படிப் பேசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பீப் சத்தமும் எண்களும்

ஐபிஎம் பிசியில் ஒரு சின்ன பீப் என்றால் எல்லாம் நலம். ஒரு நீளமும் ஒரு சின்னதும் என்றால் மதர்போர்டு. ஒரு நீளமும் இரண்டு சின்னதும் என்றால் வீடியோ அட்டை. நிற்காமல் ஒலித்தால் பவர் சப்ளை.

திரையில் 301 வந்தால் கீபோர்டு, 601 ஃபிளாப்பி, 1701 ஹார்ட் டிஸ்க். 201 என்றால் நினைவகம். 5150இல் அந்த எண்ணுக்கு முன்னால் வரும் நான்கு இலக்கங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு எந்த வரிசை என்று சொல்லும், அடுத்த இரண்டு எந்தச் சிப் என்று சொல்லும். 01, 02, 04, 08, 10, 20, 40, 80 என்ற எட்டும் எட்டு பிட்டுகள். 00 என்றால் ஒன்பதாவதான, பிழை இருக்கிறதா என்று சரிபார்க்க உதவும் பேரிட்டி சிப். ஒரே ஒரு சிப்பைத் துல்லியமாக மாற்ற இது போதும்.

தேதியை மறந்துபோகிறது, போர்டில் பச்சைப் பொருக்கு

1984இன் ஐபிஎம் ஏடி வகைகளில் திரையில் 161 வந்தால் பேட்டரி தீர்ந்தது. பேட்டரி தனியாகக் கழற்ற முடிந்தால் மாற்றலாம். டிஎஸ்1287 போன்ற கடிகாரச் சிப்பின் கருப்புக் கட்டியில் லித்தியம் செல்லைச் சிப்போடு சேர்த்தே மூடியிருப்பார்கள். பக்கவாட்டைச் சுரண்டி வெளிச் செல் மாட்டுவோரும் உண்டு, அதன் இடத்தில் புதிய மாற்றுப் பாகம் போடுவோரும் உண்டு. சாக்கெட்டில் இருந்தால் நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

நிஜமான ஆபத்து போர்டில் நேராகப் பற்றவைத்த 3.6 வோல்ட் பீப்பாய் பேட்டரி. நிக்கல் காட்மியம் வகையான அது கசிந்தால் வருவது காரம், அமிலம் அல்ல. தடங்களின் அடியில் புகுந்து தின்றுகொண்டே போகும். இயந்திரம் ஓடுகிறதோ இல்லையோ, பேட்டரியை இன்றே வெட்டி எடுத்துவிடுங்கள். பொருக்குப் பிடித்த இடத்தை வெள்ளை வினிகரால் மெல்லத் தேய்த்து, காய்ச்சி வடித்த நீரில் கழுவி, ஆல்கஹால் ஊற்றி நன்றாக உலர்த்துங்கள். அங்கே சிஆர்2032 செல் மாட்ட விரும்பினால் இடையில் ஒரு டையோடு (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) கட்டாயம். பழைய சர்க்யூட் பேட்டரியைச் சார்ஜ் செய்யும்படி கட்டப்பட்டது. சார்ஜ் ஏறக்கூடாத செல்லில் சார்ஜ் ஏறினால் அது வெடிக்கும்.

பழைய மேக்கின்டாஷ்களில் இருக்கும் அரை அளவு லித்தியம் பேட்டரி வேறு ரசாயனம். அது வெடித்தால் வெளிவருவது ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். அங்கே வினிகர் மருந்தல்ல. சமையல் சோடா கரைசல்தான்.

ஃபிளாப்பி படிக்கவில்லை

டிரைவைக் குறை சொல்லும் முன் வட்டைப் பாருங்கள். மேற்பரப்பில் வெள்ளையாகப் பூஞ்சை வளையம் தெரிந்தால் உள்ளே விடாதீர்கள், தலை அழுக்காகி அடுத்து போடும் நல்ல வட்டையும் கீறும். கீச்சென்று சத்தம் வந்தால் அந்த நொடியே வெளியே எடுத்துவிடுங்கள்.

தலையை ஆல்கஹாலில் துடைத்து, தலை நகரும் தண்டில் இறுகிப்போன கிரீஸைச் சுத்தம் செய்து புதிதாக மெல்லிசாகத் தடவினாலே பல டிரைவுகள் உயிர் பெறும். பெல்ட் வகை என்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் அளவுக் குழப்பம். 5.25 அங்குல 360 கே டிரைவில் 40 தடம், 1.2 எம்பி டிரைவில் 80 தடம். பெரிய டிரைவின் தலை குறுகலானது. 360 கே வட்டில் ஏற்கெனவே இருக்கும் எழுத்தின் மேல் அதில் எழுதினால், பழைய எழுத்து இரண்டு ஓரத்திலும் மிச்சம் நிற்கும். 360 கே டிரைவின் அகலமான தலை இரண்டையும் கலந்து படித்துத் திணறும். ஆகவே பழைய வட்டில் எழுதவே வேண்டாம். 5.25 அங்குல வட்டின் ஓரத்தில் உள்ள எழுத்துத் தடை வெட்டை மூடிவிட்டு, கிரீஸ்வீசல் போன்ற கருவியால் காந்தத் துடிப்பை அப்படியே நகலெடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் ஓடாவிட்டாலும் அந்த நகல் பிழைத்திருக்கும்.

ஹார்ட் டிஸ்க் சுற்றவில்லை

சீகேட் எஸ்டி-225 போன்ற 20 எம்பி டிரைவுகளில் தலைகள் தட்டில் ஒட்டிக்கொள்வது சகஜம். சுத்தியலால் தட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். டிரைவைக் கையில் சமமாகப் பிடித்து, மின்சாரம் இல்லாமல், மணிக்கட்டைச் சட்டென்று வட்டமாகத் திருப்புங்கள். தட்டு தன் நிறையாலேயே விடுபடும். சுற்ற ஆரம்பித்துவிட்டால் அன்றே முழுவதையும் நகலெடுங்கள், மறுநாள் சுற்றும் என்று நம்ப முடியாது. படிக்கும்போது பிழை வந்தால் அரை மணி நேரம் சூடாக விட்டு மறுபடி முயலுங்கள், தலையைப் படிப்படியாக நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார் டிரைவுகளில் சூட்டுக்கேற்பத் தலை நிற்கும் இடம் சற்று மாறும். முக்கியமாக, டிரைவை அதன் கன்ட்ரோலர் அட்டையிலிருந்து பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள். எந்த அட்டை ஃபார்மட் செய்ததோ அதுவோ அதே வகையோதான் திரும்பப் படிக்கும்.

சில கீ மட்டும் வேலை செய்யவில்லை

ஒரு வரிசை முழுவதும் போனால் இணைப்பு வயர் அல்லது மெம்பரேன் (கீக்களின் அடியில் உள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள்). ஸ்பெக்ட்ரமின் மெம்பரேன் வால் நொறுங்கிப்போகும். ஒட்டிப் பயனில்லை, புதியது போடுங்கள். அங்கங்கே கீ செத்திருந்தால், கீ அடியில் பஞ்சும் பளபளப்புத் தாளும் உள்ள வகையா என்று திறந்து பாருங்கள். 1983இன் ஆப்பிள் லிசாவின் கீபோர்டு அப்படிப்பட்டது. பஞ்சு பொடியாகியிருக்கும். எல்லாத் திண்டையும் ஒரே தடவையில் மாற்றுவதுதான் நிலைக்கும்.

அரை மணி நேரம் ஓடி நின்றுவிடுகிறது

பொறுமையைச் சோதிக்கும் கோளாறு இதுதான். மூடியைத் திறந்து வைத்து ஓடவிடுங்கள். நின்றதும் ஃப்ரீசர் ஸ்ப்ரேயை ஒவ்வொரு சிப்பின் மேலும் கொஞ்சமாக அடித்து மறுபடி கிளப்பிப் பாருங்கள். எது குளிர்ந்ததும் இயந்திரம் எழுகிறதோ அதையும் அதன் சால்டரையும் சந்தேகப்படுங்கள். ரெகுலேட்டர், கனெக்டர், டிரான்ஸ்ஃபார்மர் போன்ற கனமான பாகங்களின் கால்களைச் சுற்றி வட்டமாக மெல்லிய விரிசல் இருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெரியும். பழைய சால்டரை எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவையுங்கள்.

சரியாகிவிட்டது என்று தோன்றியதும் மூடாதீர்கள். நினைவகச் சோதனையை நாலைந்து மணி நேரம் ஓடவிட்டு, ஒரு இரவு முழுக்கக் குளிரவிட்டு, காலையில் மறுபடி ஓடவிடுங்கள். இரண்டு தடவையும் தேறினால், என்னென்ன மாற்றினீர்கள், என்றைக்கு மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். கழற்றிய அசல் பாகங்களையும் ஒரு உறையில் போட்டுக் கணினியோடு வைத்திருங்கள். அப்புறம் திருகுகளை முடுக்கலாம்.